ஸ்டுடியோவிலிருந்து வீட்டுக்குக் கோப்பு போக இரவு முழுவதும் ஆகிறது. வேகம் 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை

கோத்தகிரி ஸ்டுடியோ (கேள்வி):

வணக்கம். கோத்தகிரியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். படுகர் கல்யாணங்கள், ஊர்ப் பண்டிகைகள், டிசம்பர், ஜனவரியில் பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகை என்று வருடம் முழுக்க வீடியோ சேர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டு கேமரா வைத்து எடுத்தால் ஒரு கல்யாணத்துக்கே 200 கிகாபைட் ஆகிவிடும். எடிட்டிங் ஸ்டுடியோவில் நடக்கிறது. ஒரு பிரதி எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் கடைச் சுவரில் ஓதம் காத்து நிற்கிறது. அங்கே மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பழைய பண்டிகை வீடியோவில் ஆடிய பெரியவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் குடும்பத்தார் இன்றும் வந்து கேட்கிறார்கள்.

ஸ்டுடியோ சாலை மட்டத்தில் இருக்கிறது. வீடு தேயிலைச் சரிவில் கீழே. நடுவில் சுமார் 40 மீட்டர். சில்வர் ஓக் மரங்களைப் பிடித்தபடி ஒரு நெட்வொர்க் கேபிள் கீழே இறங்குகிறது. மேலே எட்டு போர்ட் சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்களைச் செருகி இணைக்கும் பெட்டி), கீழே ஐந்து போர்ட் சுவிட்ச், இரண்டும் கிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட். வீட்டில் 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் போட்ட பழைய கணினி. இரண்டு கணினியிலும் விண்டோஸ் இணைப்பு வேகம் 1000/1000 என்று காட்டுகிறது.

நகலெடுக்க ஆரம்பித்ததும் முதல் சில நொடிகள் வேகமாகப் போகிறது. பிறகு நொடிக்கு 11.2 மெகாபைட்டில் வந்து நின்றுவிடுகிறது. நூல் பிடித்ததுபோல நேர்கோடு. மழை பிடித்தால் அதுவும் கிடையாது. 3, 2 என்று இறங்கும், சில நேரம் பாதியில் அறுந்தே போகும். ஒரு கல்யாணத்தை அனுப்ப ஐந்து மணி நேரம் வேண்டும். ஐப்பசி மழையில் மின்சாரம் அவ்வளவு நேரம் நிற்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்?

வயரிங் செய்தவர் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன, கேபிள் நன்றாக இருக்கிறது என்றார். கடைக்காரர் புதுக் கணினி வாங்கச் சொல்கிறார். ஹார்டு டிஸ்க்கை மாற்றுவதா, கணினியை மாற்றுவதா, இன்டர்நெட் திட்டத்தை உயர்த்துவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடலூர்க்காரன்:

இன்டர்நெட் திட்டத்தில் கை வைக்காதீர்கள். உங்கள் கோப்பு உங்கள் சொந்தக் கேபிளிலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது, வெளியே போவதே இல்லை. இன்டர்நெட்டை முழுதாகக் கழற்றி வைத்தாலும் இதே வேகத்தில்தான் போகும்.

என்னைக் கேட்டால் அந்தக் கேபிளையே தூக்கிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கருவி இரண்டு வாங்கி எதிரெதிராக மாட்டிவிடுங்கள். 40 மீட்டர் பெரிய தூரம் இல்லை. மரத்தோடு போராட வேண்டாம்.

குன்னூர் ஜாயின்டர்:

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். 11.2 என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

நான் தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயின்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குன்னூர், வெலிங்டன், அரவேணு, கட்டபெட்டு என்று இந்த மலையில் குழி தோண்டாத இடம் குறைவு. இப்போது அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நெட்வொர்க் கேபிள் போட்டுக் கொடுக்கிறேன்.

எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நொடிக்கு 100 மெகாபிட் என்பதை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். கோப்பு சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எழுதப்படும் முகவரி முதலியவை கொஞ்சம் தின்றுவிடும். கையில் மிஞ்சுவது 11, 11.5. உங்கள் கோடு சரியாக அங்கேதான் நிற்கிறது. ஹார்டு டிஸ்க் திணறினால் கோடு ஏறி இறங்கும், இப்படி நேராக நிற்காது. ஆகவே வழியில் ஏதோ ஒரு துண்டு 100 மெகாபிட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிகாபிட்டில் ஓடினால் 110 மெகாபைட்டை ஒட்டி வர வேண்டும்.

"இரண்டு கணினியும் 1000 காட்டுகிறதே" என்பீர்கள். அந்த 1000 உங்கள் மேசைக்கும் பக்கத்தில் இருக்கும் சுவிட்சுக்கும் இடையில் உள்ள ஒரு முழக் கேபிளுக்கு மட்டும்தான். மேல் சுவிட்சுக்கும் கீழ் சுவிட்சுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. மேட்டுப்பாளையத்தில் சாலை எத்தனை அகலமாக இருந்தாலும் பர்லியாறு கொண்டை ஊசி வளைவு விடுகிற அளவுக்குத்தான் குன்னூருக்கு வண்டி ஏறும்.

அந்த நடுத்துண்டு ஏன் 100-க்கு இறங்கும்? கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். கிகாபிட்டுக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு கம்பி சரியில்லை என்றாலும் கிகாபிட் நிற்காது. இரண்டு சுவிட்சும் தங்களுக்குள் பேசிப் பார்த்து, முடியாதபோது 100-க்கு இறங்கி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வராது. கோப்பு போகும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும்.

எட்டு விளக்கு எரிந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சின்ன டெஸ்டர், கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தொடர்கிறதா, இடம் மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். பாசி பிடித்த ஜாயின்ட் வழியாகவும் விளக்கு எரியத்தான் செய்யும். வேகமாகத் துடிக்கிற சிக்னல் அதே இடத்தில் தடுமாறும்.

மழை வந்தால் இறங்குகிறது என்று சொன்னதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கேபிளில் நடுவழியில் எங்கோ ஒரு ஜாயின்ட் இருக்கிறது, அதற்குள் தண்ணீர் போகிறது. இல்லை என்று வயரிங் செய்தவர் சொன்னாலும் நீங்களே கையால் தடவிக்கொண்டு போய்ப் பாருங்கள். 40 மீட்டர் நீளம் குற்றம் செய்யாது; ஒழுங்கான கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும்.

முதலில் இதைச் செய்யுங்கள். இரண்டு சுவிட்சிலும் வெளிக் கேபிள் செருகிய போர்ட்டின் விளக்கைப் பாருங்கள். பல சுவிட்சுகளில் கிகாபிட்டுக்குப் பச்சை, 100-க்கு மஞ்சள். பெட்டியிலோ அடிப்பக்கத்திலோ எழுதியிருக்கும். அடுத்து, வீட்டுக் கணினியை ஒரு நாள் மேலே தூக்கிவந்து ஸ்டுடியோ சுவிட்சிலேயே குட்டைக் கேபிளால் செருகி அதே கோப்பை அனுப்புங்கள். 100 மெகாபைட்டுக்கு மேல் வந்தால் இரண்டு கணினியும் டிஸ்க்கும் நிரபராதி. பிறகு கணினியைக் கீழே கொண்டுபோய் ஐபெர்ஃப்3 என்ற நிரலை இரண்டிலும் ஓடவிடுங்கள். அது டிஸ்க்கைத் தொடாமல் பாதையை மட்டும் அளக்கும். 100 மெகாபிட் பாதையானால் 94 மெகாபிட் வரும், கிகாபிட் பாதையானால் 940-ஐ ஒட்டி வரும். இடைப்பட்ட எண் வந்தால் மேற்கொண்டு பேசுவோம்.

கூடலூர்த் தம்பிக்கு: வைஃபையைக் குறை சொல்லவில்லை. ஆனால் மலிவான வெளிப்புறக் கருவிகள் பலவற்றில் கேபிள் செருகுகிற போர்ட்டே 100 மெகாபிட் தான். காற்றில் எத்தனை வேகம் வந்தாலும் கடைசியில் அதே 11-ல் வந்து நிற்கும். வாங்குவதானால் போர்ட் கிகாபிட்டா என்று பார்த்து வாங்க வேண்டும். இரண்டு கருவியும் ஒன்றை ஒன்று தடையில்லாமல் பார்க்கவும் வேண்டும். நடுவில் சில்வர் ஓக் கிளை இருந்தால் ஈர இலை சிக்னலைக் குடித்துவிடும்.

கோத்தகிரி ஸ்டுடியோ:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். வெளிக் கேபிள் போர்ட்டில் இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்கு. மற்ற எல்லா போர்ட்டும் பச்சை. வீட்டுக் கணினியை ஸ்டுடியோவுக்குத் தூக்கிவந்து செருகியதும் 108-ல் ஆரம்பித்து 100-க்கு மேலேயே போனது. இதே பழைய கணினி, இதே பழைய டிஸ்க்! கீழே கொண்டுபோய் ஐபெர்ஃப்3 ஓடவிட்டேன்: 94.

பிறகு கேபிளைத் தடவிக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது மரத்தில், கிளை பிரிகிற கவட்டுக்குள் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முண்டு இருந்தது. டேப்பைப் பிரித்ததும் தண்ணீர் வழிந்தது. உள்ளே இரண்டு பக்கமும் பிளக் செருகும் பிளாஸ்டிக் கப்ளர். பிளக்கை இழுத்துப் பார்த்தால் எட்டுப் பல்லில் பழுப்புப் பக்கத்து இரண்டும் பச்சையாகப் பூத்திருந்தன, அடுத்த பல்லிலும் அந்தப் பச்சை ஏற ஆரம்பித்திருந்தது. பிளக்குக்குள் கம்பி முனையில் வெள்ளையாக மாவு போல ஏதோ ஒட்டியிருந்தது. அது என்ன என்று தெரியவில்லை. புதுக் கப்ளர் போட்டு நல்ல டேப் சுற்றினால் போதுமா?

குன்னூர் ஜாயின்டர்:

போதாது. அந்த வெள்ளை மாவைப் பார்த்ததும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு பிளேடு எடுத்து வெட்டிய கம்பியின் மேல்பூச்சை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். தாமிரமானால் எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறம்தான் வரும். உள்ளே வெள்ளி போல வெளுத்தால் அது அலுமினியக் கம்பி, மேலே தாமிரப் பூச்சு மட்டும். விலை குறைவு என்று விற்கிறார்கள். வளைத்தால் சீக்கிரம் ஒடியும். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். நெட்வொர்க் கேபிளுக்கான தர விதிகள் முழுத் தாமிரத்தைத்தான் ஏற்கின்றன.

எங்கள் காலத்தில் காகிதம் சுற்றிய கம்பிகளை ஈய உறைக்குள் வைத்த கேபிள்கள் இருந்தன. உறையில் ஒரு கீறல் விழுந்து தண்ணீர் புகுந்தால் காகிதம் ஊறிவிடும். அதனால் உள்ளே உலர்ந்த காற்றை அழுத்தத்தோடு செலுத்தி வைத்திருப்போம். பிறகு ஜெல்லி நிரப்பிய கேபிள் வந்தது. கம்பிகளுக்கு நடுவில் தண்ணீர் ஓட இடமே இருக்காது. தண்ணீர் புகும் என்று வைத்துக்கொண்டுதான் அத்தனையும் செய்தார்கள். இன்று வீட்டுக்குள் போடுகிற சாதாரண கேபிளை மரத்தில் கட்டிவிட்டு டேப் சுற்றிப் போகிறார்கள். வெயிலில் டேப்பின் பசை காய்ந்து பிரியும், பனியில் உறை வெடிக்கும். கோத்தகிரியின் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் வருவது. அதுவரை தாங்கியதே பெரிது.

வெளியில் போகிற துண்டு முழுவதையும் மாற்றுங்கள், நடுவில் ஒரு ஜாயின்ட்கூட இல்லாமல்.

பெருமாள்மலை தங்கும்விடுதி:

நான் கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் சிறிய விடுதி நடத்துகிறேன். எனக்கும் இதே தொல்லை இருந்தது. விருந்தினர் அறைகள் தனிக் கட்டடம். வெளிப்புறத்துக்கென்றே வருகிற, ஜெல்லி நிரப்பிய, முழுத் தாமிரக் கேபிள் போட்டேன். இரண்டு மழைக்காலம் தாண்டியும் நன்றாக ஓடுகிறது. ஸ்டுடியோ அண்ணாவுக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறேன். செலவும் குறைவு, பிளக் அடிக்க எந்த ஊரிலும் ஆள் கிடைப்பார்.

கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் கொஞ்சம் தொங்கவிட்டு, கீழிருந்து மேலாக ஓட்டைக்குள் ஏற்றுங்கள். மழைநீர் அந்தத் தாழ்ந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. குரங்குகளும் ஒரு தொல்லைதான். எங்கள் ஊரில் அவை கேபிளைப் பிடித்துத் தொங்கிவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குத் தாவும். எட்டும் உயரத்தில் குழாய் போட்டுவிடுங்கள்.

குன்னூர் ஜாயின்டர்:

அம்மா, நீங்கள் சொன்ன கேபிள் நல்ல கேபிள், அந்த வளைவும் நாங்கள் வீடு வீடாகச் செய்ததுதான். ஆனாலும் இரண்டு தனிக் கட்டடத்துக்கு நடுவில், மரத்தின் மேல், அதுவும் ஐப்பசியில் இடி இறங்குகிற மலையில் தாமிரம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி. பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவில் மின்னழுத்தம் வேறுபடும். அந்த வேறுபாடு பாய்வதற்குக் கிடைக்கும் சுலபமான வழி உங்கள் நெட்வொர்க் கேபிள். சுவிட்ச் போகும், அதோடு கணினியின் போர்ட்டும் போகும். மின்னல் தடுப்பான் வைக்கலாம், எர்த் சரியாக இருந்தால் ஓரளவு காப்பாற்றும். அதற்குப் பதில் ஃபைபர் எனும் கண்ணாடி இழைக் கேபிள் போடுங்கள், அதில் மின்சாரம் ஓடவே ஓடாது. தம்பி சேர்த்து வைத்திருக்கிற படங்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஃபைபர் என்றதும் பயப்பட வேண்டாம். வீட்டு இன்டர்நெட்டுக்கு இழுக்கிறார்களே, அதே மெல்லிய கறுப்புக் கேபிள்தான். இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி. ஒரு பக்கம் ஃபைபர் செருகும், மறுபக்கம் குட்டை நெட்வொர்க் கேபிள் வழியாக சுவிட்சுக்குப் போகும். முனை ஒட்டுவதற்கு உங்கள் ஊர் கேபிள் டிவிக்காரரிடம் ஸ்ப்ளைசிங் இயந்திரம் இருக்கும், கூப்பிட்டால் வந்து செய்துகொடுப்பார்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. கன்வெர்ட்டரிலும் 100 மெகாபிட், கிகாபிட் என்று இரண்டு வகை. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 100. அதை வாங்கினால் இத்தனையும் செய்துவிட்டு மறுபடி 11.2-லேயே நிற்பீர்கள். ஒற்றை இழையில் ஓடுகிற வகையானால் ஏ, பி என்று ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பும், மற்றது 1550-ல் அனுப்பும். இரண்டு ஏ வாங்கி வந்தால் ஒன்றோடொன்று பேசாது. கேபிளோடு தாங்கு கம்பியாக எஃகு வந்தால் அதைச் சுவருக்கு வெளியிலேயே கட்டி வெட்டிவிடுங்கள். அதை உள்ளே கொண்டுவந்தால் தாமிரத்தைத் தவிர்த்ததில் அர்த்தம் இல்லை. இழையைச் சுருக்கென்று மடிக்கக் கூடாது, முனையை விரலால் தொடக் கூடாது, உள்ளே ஒளி ஓடும்போது முனையில் கண் வைத்துப் பார்க்கக் கூடாது.

இரண்டு கன்வெர்ட்டரும் சுவிட்சுகளும் இன்வெர்ட்டரில் இருக்கட்டும். கணினி ஓடிக்கொண்டிருந்து நடுவில் பெட்டி அணைந்தாலும் நகல் அறுந்துவிடும்.

கோத்தகிரி ஸ்டுடியோ:

ஐயா, சுரண்டிப் பார்த்தேன். பிளேடு இரண்டாவது முறை பட்டதுமே வெள்ளையாகிவிட்டது.

ஃபைபர் போட்டாகிவிட்டது. கேபிள் டிவிக்காரர் வந்து முனை ஒட்டிக் கொடுத்தார். எஃகுக் கம்பியை வெளிச்சுவர்க் கொக்கியிலேயே கட்டி நிறுத்தச் சொன்னேன், அவரும் அதுதான் சரி என்றார். இரண்டு பக்கமும் பச்சை விளக்கு. ஐபெர்ஃப்3-ல் 938. ஒரு கல்யாணத்தின் வீடியோ முழுவதும் அரை மணி நேரத்தை ஒட்டிப் போய்ச் சேர்ந்தது. நேற்று இரவு முழுக்கக் கொட்டியது, வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பழைய கணினி அப்படியே இருக்கிறது, புதுக் கணினிக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னொரு டிஸ்க் வாங்கப் போகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். வீடியோ பறக்கிறது, ஆனால் ஆல்பம் ஃபோல்டர்கள் மட்டும் 8, 10 என்று ஊர்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள். அடுத்தது, பழைய கேபிளில் மழையின்போது அறுந்து அறுந்து போன நகல்களை நம்பலாமா?

பெருமாள்மலை தங்கும்விடுதி:

சின்னக் கோப்பு நிறைய இருந்தால் அப்படித்தான் அண்ணா. ஒவ்வொரு கோப்புக்கும் திற, எழுது, மூடு என்று இரண்டு கணினியும் போகவர பேச வேண்டும், வைரஸ் தடுப்பு நிரல் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும், சுழலும் டிஸ்க்கின் முள் அங்கும் இங்கும் ஓடும். முடிந்த ஆல்பத்தை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்புங்கள். கட்ட விருப்பமில்லை என்றால் விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி ஒரே நேரத்தில் பல கோப்புகளை அனுப்பும். அறுந்து போனாலும் மறுபடி ஓடவிட்டால் ஏற்கெனவே போனதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

குன்னூர் ஜாயின்டர்:

பாதியில் அறுந்தவற்றை நம்பாதீர்கள் தம்பி. கோப்பின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றாகக் காட்டினாலும் உள்ளே பாதி வெறுமையாக இருக்க வாய்ப்பு உண்டு. விண்டோஸில் சர்ட்யூட்டில் என்ற கட்டளை இருக்கிறது. ஒரு கோப்பைக் கொடுத்து எஸ்எச்ஏ256 கேட்டால் நீளமாக ஓர் எண் தரும். ஸ்டுடியோ பிரதிக்கும் வீட்டுப் பிரதிக்கும் அது எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றே. ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி அனுப்புங்கள். முழுவதையும் சரிபார்க்கும் வரை ஸ்டுடியோ டிஸ்க்கிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம்.

கோத்தகிரி ஸ்டுடியோ:

அப்படியே செய்கிறேன் ஐயா. ஹெத்தையம்மன் பண்டிகை வீடியோக்களில் இருந்து ஆரம்பித்துவிட்டேன். இதுவரை பார்த்ததில் இரண்டு கோப்புகளின் எண் பொருந்தவில்லை. இரண்டையும் திரும்ப அனுப்பியதும் பொருந்திவிட்டது.